மாற்றமுடியாத லினக்ஸுக்கு மாறினேன், மூன்று வாரம் போயிற்று

என் மடிக்கணினியில் இருந்த பழைய லினக்ஸ் ஒரு வெள்ளிக்கிழமை இரவு உயிரை விட்டது. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜரைச் செருகியிருந்தேன், சுவிட்சைப் போடவில்லை. பாதி வழியில் பேட்டரி தீர்ந்துபோனது. திரும்ப இயக்கினால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. பாதிப் பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) புதியவை, பாதி பழையவை. இதே நிலையை முன்பு இரண்டு முறை உட்கார்ந்து சரிசெய்திருக்கிறேன். மூன்றாவது முறை வெறுத்துவிட்டது. இனி அப்டேட் என்றால் முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே கூடாது என்ற வீம்போடு அன்றிரவே ஃபெடோரா சில்வர்புளூ என்ற 'மாற்றமுடியாத' வகை லினக்ஸை நிறுவினேன். நான் சுயதொழிலாக மென்பொருள் எழுதித் தருபவன். வேலைக்கு இருப்பது ஒரே கணினி. அடுத்த மாதம் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை கையில் இருந்தது. சோறு போடும் கணினியில், கோபத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு இயங்குதளத்தை மாற்றக் கூடாது என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

தெரியாதவர்களுக்காக, இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வழக்கமான லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவினால் அதன் கோப்புகள் நேராக யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் போய் விழும். இம்மியூட்டபிள், அதாவது மாற்றமுடியாத வகையில் அந்தக் கோப்புறையைப் படிக்கத்தான் முடியும். சூடோ போட்டு நிர்வாகி அதிகாரத்தோடு போனாலும் எழுத விடாது. அப்டேட் வரும்போது, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் கைவைக்காமல், பக்கத்தில் புதிய பிரதி ஒன்றைத் தயார்செய்து வைக்கும். ரீபூட் செய்தால் புதியதற்குள் போவீர்கள். பிடிக்கவில்லையா, பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டு பிரதி என்றதும் இரு மடங்கு இடம் போய்விடாது. சில்வர்புளூவுக்கு அடியில் இருக்கும் ஆஸ்ட்ரீ, நிரல்களின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் வேலை செய்வதுபோல, மாறாத கோப்புகளை இரண்டுக்கும் பொதுவாகவே வைத்திருக்கும். குரோம்ஓஎஸ் பயன்படுத்துகிறவர்கள் பல வருடங்களாக இந்த வகையில்தான் வாழ்கிறார்கள். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியும் இதே ஜாதிதான். ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் பக்கம் ஏயான் என்று ஒன்று, பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட்களை (அந்தந்த நேரத்து நிலைப் பதிவுகளை) வைத்து இதையே செய்கிறது. நிக்ஸ்ஓஎஸ் தனிப் பாதை, முழுக் கணினியையும் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதச் சொல்லும். 2018இல் வந்த பெயர் சில்வர்புளூ. 2024இல் ஃபெடோரா தன்னிடமுள்ள இந்தக் குடும்பம் முழுவதையும் 'அட்டாமிக் டெஸ்க்டாப்' என்று அழைக்கத் தொடங்கியது, அப்டேட் முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்காது என்ற பொருளில். எனக்கு அந்தப் பெயர்தான் நேர்மையாகப் படுகிறது. ஏனென்றால் 'மாற்றமுடியாத' என்பது பாதிதான் உண்மை. அமைப்புகள் இருக்கும் இடிசி கோப்புறையில் எழுதலாம், மாறும் தரவுகள் இருக்கும் வார் கோப்புறையில் எழுதலாம், உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையே வார் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. இதன் பொருள் எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது.

சனி, ஞாயிறு ஜோராகப் போனது. ஆபீஸ் மென்பொருள், பாட்டு கேட்பது எல்லாம் ஃபிளாட்ஹப் என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து ஃபிளாட்பேக்காக, அதாவது இயங்குதளத்தைத் தொடாத தனிப் பொதியாக, வந்து உட்கார்ந்தன. எழுத்துருக்களை ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் டாட் லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் போட்டேன், ஃபிளாட்பேக் செயலிகளுக்கும் தெரிந்தது. இவ்வளவுதானா என்று எனக்கே ஒரு மிதப்பு.

அந்த மிதப்பு விபிஎன்னில் இறங்கியது. நான் வேலை செய்து கொடுக்கும் நிறுவனத்தின் சர்வருக்குள் போக அவர்கள் ஒரு விபிஎன் மென்பொருள் தருகிறார்கள். அதன் நிறுவி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு. ஓட்டினால், எழுத முடியாத கோப்பு முறைமை என்று சொல்லி நின்றுவிட்டது. தேடித் தேடி ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ யுஎஸ்ஆர்ஓவர்லே என்ற கட்டளையைக் கண்டுபிடித்தேன். யுஎஸ்ஆர் மேல் எழுதக்கூடிய ஒரு தற்காலிகப் படலத்தைப் போர்த்தும் கட்டளை அது. போர்த்தினேன், நிறுவினேன், விபிஎன் வேலை செய்தது. நிம்மதியாகத் தூங்கினேன். திங்கள் காலை கணினியை இயக்கினால் விபிஎன் இல்லை. அந்தப் படலம் ரீபூட் ஆகும் வரைக்கும்தான். நான் தேடிய பக்கத்திலேயே அது எழுதியிருந்தது, அவசரத்தில் அந்த வரியைப் படிக்கவில்லை. இன்னும் கேவலம், அந்த நிறுவி ஆப்ட் கோப்புறையிலும் இடிசியிலும் போட்டவை அப்படியே தங்கிவிட்டன, யுஎஸ்ஆரில் போட்டவை மட்டும் மறைந்தன. அதனால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இல்லாத நிரலைக் கூப்பிட்டு ஒரு பின்னணி சர்வீஸ் அழுதுகொண்டே இருந்தது. பத்து மணிக் கூட்டத்துக்குக் கைப்பேசி வழியாகப் போய், திரையைப் பகிர முடியாமல், அசடு வழிந்ததுதான் மிச்சம். இரண்டு நாள் இதில் போயிற்று. கடைசியில் பார்த்தால், அந்த சர்வரோடு பேச ஓப்பன்கனெக்ட் என்ற பொதுவான விபிஎன் கருவி போதும். நெட்வொர்க் அமைப்புகளில் விபிஎன் சேர்க்கும் இடத்தில் அந்தத் தெரிவு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. ஆகவே, யாராவது தரும் நிறுவி ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன், அதே வேலையைச் செய்யப் பொதுவான கருவி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். விபிஎன்னில் பெரும்பாலும் இருக்கும். பிரிண்டர்களிலும் அப்படித்தான். ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட் என்ற பொதுவான அச்சு முறை தெரிந்த பிரிண்டருக்கு டிரைவரே வேண்டாம்.

அடுத்தது எடிட்டர். நான் நிரல் எழுதும் எடிட்டரை ஃபிளாட்பேக்காகப் போட்டிருந்தேன். திறந்தால் பைத்தானைக் காணோம், கம்பைலரைக் காணோம். ஃபிளாட்பேக் செயலி தன் மணல்பெட்டிக்குள், மற்றவற்றிலிருந்து பிரித்து அடைத்த இடத்தில், இருக்கிறது, அதற்குள்ளிருக்கும் டெர்மினலுக்கு (கட்டளைத் திரைக்கு) வெளியில் இருப்பவை தெரியாது. எனக்கு அது புரியாமல் அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, கடைசியில் பெட்டியே இல்லாத அளவுக்கு ஆக்கியும் உருப்படவில்லை. மூன்று நாள். சரியான வழி டூல்பாக்ஸ் அல்லது டிஸ்ட்ரோபாக்ஸ்: பாட்மேன் என்ற கருவி உருவாக்கும் கன்டெய்னருக்குள் (தனி அறை போன்ற சூழலுக்குள்) ஒரு சாதாரண லினக்ஸை வைத்துக்கொண்டு, எடிட்டர், கம்பைலர் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே நிறுவுவது. டிஸ்ட்ரோபாக்ஸில் எக்ஸ்போர்ட் கட்டளை கொடுத்தால் அந்த எடிட்டர் சாதாரணச் செயலிபோல மெனுவிலும் வந்துவிடும். இது பழகிய பிறகு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கன்டெய்னர், வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற வசதி எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. ஒன்றை மட்டும் நான் சரியாக உள்வாங்கவில்லை. கன்டெய்னர் தனி, ஆனால் ஹோம் கோப்புறை பொது. முதல் அறிகுறி பைத்தானில் வந்தது. ஒரு கன்டெய்னருக்குள், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் வைத்து என் பயனருக்கு நிறுவிய நூலகம் இன்னொரு கன்டெய்னரிலும் தலைகாட்டி, அங்கே வேறு பதிப்போடு மோதியது. எரிச்சலோடு சரிசெய்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் லேயரிங் பைத்தியம் பிடித்தது. ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ இன்ஸ்டால் என்று கொடுத்தால் அடிப்படைப் பிரதியின் மேல் ஒரு பேக்கேஜை அடுக்கிக்கொள்ளலாம். பழைய பழக்கத்தில் கைக்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன், இருபத்துமூன்று பேக்கேஜ்கள். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடக் காத்திருப்பு, ஒரு ரீபூட். அதில் வீடியோ ஓட வேண்டிய கோடெக்குகளுக்காக ஒரு வெளிக் களஞ்சியத்திலிருந்து எடுத்தவையும் உண்டு. ஒரு நாள் ஏதோ தேடப்போய் ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ ஸ்டேட்டஸ் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த பிரதியின் தேதி ஐந்து வாரம் பழையது. தினமும் அப்டேட் தானாக ஆகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு எப்படி இருக்கும்? நடந்தது இதுதான்: அடிப்படைப் பிரதியில் ஒரு நூலகம் புதிய பதிப்புக்குப் போய்விட்டது, வெளிக் களஞ்சியத்தின் கோடெக் பழைய பதிப்பைக் கேட்கிறது, இரண்டும் சேராது. அப்டேட் முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே கூடாது என்று நான்தானே கேட்டேன்? அது நடக்காமல் இருந்தது, ஐந்து வாரமாக, சத்தமில்லாமல். அத்தனை நாள் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத உலாவியில் வங்கிக் கணக்கு பார்த்திருக்கிறேன். அன்று ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ ரீசெட் கொடுத்து அடுக்கிய அத்தனையையும் கழற்றினேன். ஃபிளாட்ஹப்பில் வரும் வீடியோ பிளேயர் தனக்கு வேண்டிய கோடெக்கோடுதான் வருகிறது, கணினியில் எதுவும் அடுக்கத் தேவையே இல்லை. இப்போது என் கணினியில் அடுக்கியிருப்பது இரண்டே பேக்கேஜ்கள். வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸில் தேதியை மட்டும் பார்த்துவிடுவேன். இரண்டு நொடி வேலை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு மடிக்கணினி தூங்கப் போனால் எழுந்திருக்க மறுத்தது. பழைய லினக்ஸாக இருந்தால் அந்த இரவு போயிருக்கும். இங்கே பூட் மெனுவில் முந்தைய பிரதிக்குப் போனேன், ரோல்பேக் கொடுத்தேன், இரண்டு நிமிடத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்த கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) அந்தக் கோளாறு போய்விட்டது. ஒரு சிறு சறுக்கல் மட்டும்: ரோல்பேக் செய்ததும் பயர்பாக்ஸ் திறக்க மறுத்தது. அது அடிப்படைப் பிரதியிலேயே வருவதால் பழைய பதிப்புக்குப் போய்விட்டது, ஆனால் ஹோமில் இருக்கும் புரொஃபைலைப் புதிய பதிப்பு ஏற்கெனவே தொட்டுவிட்டது. புதிய புரொஃபைலைப் பழைய பயர்பாக்ஸ் திறக்காது, தரவு கெடாமல் இருக்க அது செய்யும் காவல். ரோல்பேக் என்றால் இயங்குதளம் மட்டும்தான் பின்னால் போகும், என் பொருட்கள் போகாது என்று அது என் முகத்துக்கு நேராகச் சொன்னது. அப்போதும் நான் கேட்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் பின்னால் போகலாம் என்ற தைரியத்தில் வாராந்திர பேக்கப்பையே நிறுத்தியிருந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

ஃபெடோரா 42க்கு மாறிய மறுநாள் அது நடந்தது. ஏதோ காரணத்துக்காக டிஎஃப் கட்டளையில் வட்டில் இடம் எவ்வளவு என்று பார்த்தேன். ரூட், அதாவது கோப்பு முறைமையின் வேர், என்ற வரிக்கு நேராக 100%. வயிற்றைக் கலக்கியது. மறுநாள் மதியம் வேலையைக் கொடுக்க வேண்டும், டிஸ்க் நிரம்பி நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? இடம் பண்ண ஆரம்பித்தேன். முதலில் பாட்மேன் சிஸ்டம் புரூன். பயன்படாதவற்றை அள்ளும் கட்டளை அது, ஆனால் நிறுத்தி வைத்திருக்கும் கன்டெய்னர் எதுவாக இருந்தாலும் அதுவும் அதன் கணக்கில் பயன்படாததுதான். என் டூல்பாக்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத் தவிர அத்தனையும் போயின. திரும்ப டிஎஃப், இன்னும் 100%. பதற்றம் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னருக்குள் நுழைந்தேன். உள்ளே திட்டக் கோப்புறையும் சோதனைத் தரவும் இருந்தன. இது கன்டெய்னருக்குள் இருக்கும் நகல், வெளியே அசல் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். வெளியே வந்து டிஎஃப் பார்த்தேன், 100%. ஃபைல் மேலாளரைத் திறந்தேன். அசல் என்று எதுவும் இல்லை. நகல் என்றும் எதுவும் இருந்திருக்கவில்லை. ஒரே ஹோம், ஒரே கோப்புறை, அதைத்தான் அழித்திருக்கிறேன்.

அந்த 100% ஒன்றுமே இல்லை என்று அன்று இரவு இரண்டு மணிக்குப் படித்தேன். ஃபெடோரா 42 முதல் அட்டாமிக் டெஸ்க்டாப்களில் ரூட் என்பது காம்போஸ்எஃப்எஸ் என்ற முறையில் வருகிறது. அது எழுத முடியாத, சில மெகாபைட் அளவே உள்ள ஒரு கோப்பு முறைமைப் படிமம். எழுத இடமில்லாததற்குக் காலி இடம் எங்கிருந்து வரும்? எப்போதும் நிரம்பியதாகவே காட்டும். உண்மையான இடத்தைப் பார்க்க வார் கோப்புறைக்கான வரியைப் பார்க்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கிட் சர்வருக்குக் கடைசியாக அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ரோல்பேக்கும் செய்து பார்த்தேன், மூழ்குகிறவன் எதைத்தான் பிடிக்கமாட்டான்? இயங்குதளம் சமர்த்தாக ஒரு பதிப்பு பின்னால் போயிற்று, கோப்புறை காலியாகவே இருந்தது. எஸ்எஸ்டியில் மீட்புக் கருவிகளாலும் பயனில்லை. வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். கத்தவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. ஒரு வாரம் கூடுதலாகத் தந்தார்கள், ஒப்பந்தப்படி தாமதத்துக்குக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டார்கள். விபிஎன்னுக்கு இரண்டு நாள், எடிட்டருக்கு மூன்று, அழிந்த ஒன்பது, நடுவில் தின்ற வாரக்கடைசிகள் என்று கூட்டினால் மூன்று வாரத்துக்குக் குறையாது.

இவ்வளவு பட்டும் ஏன் அதிலேயே இருக்கிறாய் என்று கேட்கலாம். தப்பு எழுத விடாத அந்தத் தடையில் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. யுஎஸ்ஆர் கோப்புறையை அது காக்கிறேன் என்றது, காத்தது. என் கோப்புகளையும் சேர்த்துக் காக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இப்போது ஹோம் கோப்புறை தினமும் இரவு ஒரு வெளி வட்டுக்கு பேக்கப் ஆகிறது. டிஸ்ட்ரோபாக்ஸில் கன்டெய்னரை உருவாக்கும்போது ஹோமைத் தனியாகக் கொடுக்க ஒரு தெரிவு இருக்கிறது, வாடிக்கையாளர் வேலைகளுக்கு அதைப் பயன்படுத்துகிறேன். அதையும் முழுத் தடுப்பு என்று நம்ப வேண்டாம், உண்மையான ஹோம் உள்ளிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கும். கன்டெய்னரில் என்னென்ன நிறுவினேன் என்பதை டிஸ்ட்ரோபாக்ஸ் அசெம்பிள் படிக்கும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறேன். புரூனில் அழிந்தாலும் அதை வைத்துத் திரும்பக் கட்டிவிடலாம். முன்பு பட்டியல் இல்லாமல், பழைய கன்டெய்னரில் என்ன இருந்தது என்று நினைவிலிருந்து தோண்டியெடுத்தது தனிச் சித்திரவதை. பெரிய பதிப்பு மாறுவதற்கு முன் ஆஸ்ட்ரீ அட்மின் பின் கட்டளையால் நல்ல பிரதி ஒன்றைக் குத்தி வைக்கிறேன், இல்லையென்றால் அடுத்தடுத்த அப்டேட்டில் அது போய்விடும். ஆனால் ஒன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு பிரதியின் கெர்னலும் பூட் பிரிவில் இடம் பிடிக்கும். நான்கைந்தைக் குத்தி வைத்தால் அது நிரம்பி அப்டேட் நின்றுவிடக்கூடும், இந்த முறை உண்மையான 100%.

மாற நினைப்பவர்களுக்கு நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று. பழைய கணினியின் கட்டளை வரலாற்றை எடுத்து, இதுவரை நிறுவியவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது எங்கே போகும் என்று எழுதுங்கள்: ஃபிளாட்பேக்கா, கன்டெய்னரா, அடுக்குவதா, தேவையே இல்லையா. எதிரில் எழுதத் தெரியாத வரிகள்தான் உங்கள் மூன்று வாரம். கடவுச்சொல் மேலாளர் உலாவியோடு பேசுவது, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கெர்னல் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துணை நிரல்) கேட்கும் எதுவும், இவை எல்லாம் அந்தப் பட்டியலில் கட்டாயம் வரும். மெய்நிகர் கணினி ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கெர்னலிலேயே இருக்கும் கேவிஎம் பக்கம் வந்துவிடுவது நல்லது. தனி டிரைவர் கேட்கும் கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் அதை நீங்களே அடுக்கிப் போராட வேண்டாம். யுனிவர்சல் புளூ திட்டத்தின் புளூஃபின், அரோரா, விளையாட்டுக்கான பசைட் போன்றவற்றில் டிரைவர் உள்ளேயே வைத்துக் கட்டிய பிரதிகள் கிடைக்கின்றன. மெய்நிகர் கணினியில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்றும் சொல்வேன். வைஃபை, தூக்கம் போன்ற வன்பொருள் தொல்லைகள் அதில் தெரியாது, ஆனால் என்னைப் போட்டு வாட்டியவற்றில் வன்பொருள் தொல்லை ஒன்றுதான்.

ஸ்கேனரைத்தான் இன்னும் வெல்ல முடியவில்லை. அதன் டிரைவர் யுஎஸ்ஆருக்குள் எழுதியே தீருவேன் என்கிறது, அடுக்கவும் ஒத்துவரவில்லை, கன்டெய்னருக்குள்ளிருந்தும் மசியவில்லை. மாதம் ஒருமுறை ஏதாவது ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தால், பரணில் இருக்கும் பழைய மடிக்கணினியை இறக்கித் தூசி தட்டுகிறேன். சார்ஜர் சுவிட்சைப் போட்டேனா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்கிறேன்.